கோவிவனுக்கு ஒரு கல்

கேள்வி: போன இதழில் தெரு நாய்களுக்குப் பரிந்து எழுதியிருந்தீர்கள். என் பேரனை டியூஷன் போகிற வழியில் நாய் கடித்துவிட்டது. ‘நன்றியுள்ள பிராணி’ என்று நீங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு எழுதலாம். அந்தக் காலத்தில் நாய் வண்டி வரும், சுருக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு போகும், தொல்லை விட்டது. மறுபடி அதையே செய்தால் என்ன? மனிதனுக்கே கருணை கிடைக்காத ஊரில் நாய்க்கு எதற்கு?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: முதலில் பேரன். கடித்த இடத்தைக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவினீர்களா? மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையாவது அப்பிவிடவில்லையே? ஊசி எல்லாத் தவணையும் போட்டாயிற்றா? தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆனால் காயம் ஆறிவிட்டதே என்று கடைசித் தவணைக்குப் போகாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். ரேபிஸ் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் அந்தத் தேதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. (ஏ.சி. பற்றி மட்டும் தவறான தகவல். எங்கள் அலுவலகத்தில் சுற்றுவது ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் விளம்பரப் பிரிவின் தலைக்கு மேல்.) ஆனால் அந்த வண்டியை நீங்கள் ஏக்கத்தோடு நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. ‘தொல்லை விட்டது’ என்கிறீர்கள். விட்டிருந்தால் அடுத்த வருடம் அதே தெருவுக்கு அதே வண்டி ஏன் வந்தது?

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய்களைப் பிடித்துக் கொல்வதை அங்கே நூறு வருடங்களுக்கு மேல் ஒரு வேலையாகவே செய்தார்கள். மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1996-இல்தான் நிறுத்தினார்கள். அத்தனை வருடம் கொன்றும் நாய் குறையவில்லை, ரேபிஸும் ஒழியவில்லை. இதற்கு ஜீவகாருண்யமெல்லாம் வேண்டாம், சாதாரணக் கணக்குப் போதும். முச்சந்தியில் இலையும் எலும்பும் கொட்டிக் கிடக்கிற வரைக்கும் அந்த இடம் காலியாக இருக்காது, பக்கத்துத் தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டை நாய்க்குச் சினைக்காலம் இரண்டே மாதம், வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நாலைந்து குட்டி. வண்டி தோற்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று, வண்டியில் முதலில் மாட்டுவது எந்த நாய் என்று யோசித்ததுண்டா? ஆளைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதே, அது. கடிக்கிற நாய்க்கு வண்டிச் சத்தம் தெரியும், அது சாக்கடை தாண்டி ஓடிவிடும். சாதுவானதைக் கொன்று முரடானதை ஊரில் விட்டுவைத்ததுதான் அந்தத் திட்டத்தின் சாதனை.

கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுங்கள் என்று சென்னையின் பிராணி நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் 1964-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நாடு முழுமைக்கும் விதியாக வர 2001 ஆயிற்று. ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே ரேபிஸ் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. மனிதருக்கு வருகிற ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாக வருவது என்பதையும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். ஆகவே நாய்க்குப் போடுகிற ஊசி உங்கள் பேரனுக்குப் போடுகிற ஊசிதான். 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடையுங்கள் என்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-இல் அதைத் திருத்தி, வெறி பிடித்தது, மூர்க்கமானது தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் இதே வழியில்தான். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் சொன்னது. பள்ளிக்கூட வாசலுக்கு அது பொருந்தும் என்றே எனக்கும் படுகிறது.

சரி, கருணைக்கு வருவோம். ‘நாய்க்கு எதற்கு’ என்று கேட்டீர்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, அதற்குத் தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. பெயரைக் கவனியுங்கள், கோவிவன். அந்தச் சண்டையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போக வந்தவன் எவன் பெயரும் நமக்குத் தெரியாது. நாயின் பெயர் தெரியும். கல்லில் எழுத்து வெட்டுவது லேசான வேலையில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் கூலி, நேரம், உளி. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வீணாகத் தோன்றவில்லை.

‘அது காவல் நாய், காரியம் செய்தது. எங்கள் தெரு நாய் என்ன செய்கிறது?’ என்று நீங்கள் அடுத்த தபாலில் கேட்பீர்கள். ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஏறக்குறைய 14,000 வருடப் பழசு. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் நோய் கண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். வாந்தி, பேதி, வலிப்பு என்று வாட்டி எடுக்கிற நோய். யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் காட்டி, துடைத்து, சூடாக வைத்திராவிட்டால் பல வாரம் அது பிழைத்திருக்க வழியில்லை. அந்தக் குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் ஆகாது. விவசாயமே தொடங்காத, நாளைய சாப்பாடு நிச்சயமில்லாத காலத்தில், அதை யாரோ மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதனுக்கே பற்றாத காலம்தான் அதுவும்.

நாய் காட்டிலிருந்து வழிதவறி நம் தெருவுக்கு வந்ததில்லை, ஐயா. ஓநாயாகக் காட்டில் இருந்ததை நெருப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, மிச்சம் போட்டு, தலைமுறை தலைமுறையாக நம் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற பிராணியாக ஆக்கியது நாம். இப்போது அதைப் போய் வேட்டையாடிச் சாப்பிடச் சொன்னால் அது எங்கே போகும்?

‘மனிதனுக்கே’ என்று தொடங்குகிற வாதம் எனக்குப் பழக்கமானது. அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் நாய்க்குப் போடாமல் மிச்சம் பிடித்த சோற்றை மனிதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றுதான் இன்னும் தெரியவில்லை. நாய் மேல் வெந்நீரை ஊற்றுகிற கை, வேலைக்கார அம்மாளிடம் மட்டும் இதமாக நடந்துகொள்ளும் என்று நீங்கள் நம்பினால் நம்புங்கள். பிராணிவதைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடி, கடைசியில் 1960-இல் அரசே சட்டம் இயற்றியது. நாயை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அதில் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு டீ, வடைக்கு ஆகிற காசு. கருணை அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம்.

நாய்ப் பிரியர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், அவர்களுக்கும் கொஞ்சம். அடுத்தவர் வாசலில் பிஸ்கட்டைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வது கருணையில் சேராது. சோறு போடுகிறவர் ஊசி போடவும் பிடித்துக் கொடுக்க வேண்டும், உங்களிடம்தான் அது வரும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கிற ஹஸ்கியைத் திருச்சி வெயிலில் மூன்றாம் மாடியில் வளர்த்து, முடி கொட்டுகிறது என்று பைபாஸில் இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் எழுதினால் அச்சில் ஏறாது. கையெட்டும் தூரத்தில் சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் கோம்பையும் என நம் ஊர் நாய் இனங்களே இருக்கும்போது இது என்ன ஆசையோ.

உங்கள் தெருவுக்கு வருவோம். நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது அங்குள்ள நாய்களின் காதைப் பாருங்கள். கருத்தடை செய்த நாய்க்குக் காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். எத்தனை நாய், எத்தனைக்கு வெட்டு இல்லை என்று எண்ணி, தெருப் பெயரோடு மாநகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்கு எழுதிய அதே காரம் இருக்கட்டும், பெயரை மட்டும் மறைக்காதீர்கள்.