தண்ணீர்ச் சட்டியை விட்டு வராத பாம்பு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான்: பாம்பு தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது, ஏன்? வெளிநாட்டில் ‘போல் பைதன்’ (ball python) என்ற மலைப்பாம்பை வளர்க்கும் நம்மவர்கள் பலர், திருகோணமலைப் பக்கமிருந்து சிலர். கூட்டின் சூடு எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கே முதல் பதில்.

ஸ்காபரோவிலிருந்து: கண் நீலம் பாய்ந்து மூன்று நாள். அன்றிலிருந்து சட்டியை விட்டு வரவில்லை. சூடான பக்கம் 32 பாகை, குளிர்ந்த பக்கம் 26, ஈரப்பதம் 35 சதவீதம். ஏதும் நோய் வருத்தமா?

வருத்தம் இல்லை. அந்த 35 தான் காரணம். பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையில் திரவம் ஊறும் நாட்கள் இவை, அதனால்தான் கண் மங்குகிறது. வீட்டின் காற்று வரண்டுவிட, பாம்பு ஈரம் இருக்கும் ஒரே இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. சாதாரண நாளில் 60, செட்டை (பழைய தோல்) கழற்றும் காலத்தில் 70 சதவீதம் அளவு வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை வெட்டி, நனைத்துப் பிழிந்த பாசியை (moss) உள்ளே போட்டு வையுங்கள். சட்டியை விட்டு அதற்குள் போய்விடும். கண் தெளிந்து நாலைந்து நாளில் கழற்றும். அதுவரை தின்ன மறுத்தால் விட்டுவிடுங்கள்.

லண்டனிலிருந்து: செட்டை கழற்றி ஒரு கிழமையாகிவிட்டது. கண்ணும் தெளிவு. ஆனாலும் இரவு பகலாகத் தண்ணீரில்தான்.

சட்டியின் அடியைப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் சிற்றுண்ணி. வெள்ளைத் துணியால் தாடைக்குக் கீழே மெல்லத் துடைத்தாலும் ஒட்டி வரும். அவற்றின் கடி தாங்காமல்தான் பாம்பு மூழ்கிக் கிடக்கிறது. விரிப்பு முழுவதையும் வெளியே எறியுங்கள், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை எடுத்துப் பூச வேண்டாம். புள்ளி ஒன்றும் இல்லையென்றால் கூடு அளவுக்கு மேல் சூடாக இருக்கலாம். வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது அளவு அல்ல.

உப்புவெளியிலிருந்து: கிணற்றடித் தொட்டியில் ஒரு வெங்கணாந்தி (மலைப்பாம்பு) இரண்டு நாளாகக் கிடக்கிறது. செட்டை கழற்ற வந்ததா?

இருக்கலாம். ஆனால் இப்போது கச்சான் காற்று வீசுகிறது, வெயில் 35 பாகையைத் தாண்டுகிறது, குளங்களும் வற்றிவிட்டன. உடம்பைக் குளிர்விக்க உங்கள் தொட்டியை விட்டால் அதற்கும் வேறு இடம் இல்லை. தண்ணீர் குடிக்க வரும் கோழியும் பூனையும் அதற்கு மேலதிக வசதி. தடி எடுக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும் வரை நாயைக் கட்டி வையுங்கள்.

உவர்மலையிலிருந்து: தோல் ஒட்டிக்கொண்ட பாம்பைக் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஊற வைத்தால் கழன்று விடுமாமே?

கன்னியாவை இறந்தோருக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே சில கிணறுகளின் சூடு நம் உடம்புச் சூட்டையும் தாண்டும். பாம்புக்கு 28, 30 பாகை போதும்.

மெல்பேர்னிலிருந்து: ஒவ்வொரு செட்டைக்கும் அரை மணித்தியாலம் வாளியில் போட்டு மூடி ஊற வைத்து, பிறகு நானே உரித்து விடுகிறேன். இந்த முறை கண்ணில் மட்டும் ஒட்டியிருக்கிறது. டேப் ஒட்டி இழுக்கலாமா?

முதலில் டேப்பைக் கீழே வையுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது தெளிவான ஒரு செதில். அதன் பழைய படலம் செட்டையோடு சேர்ந்து வரும். பழையது என்று நினைத்து இழுக்கிறீர்கள், கையோடு வருவது புதியதாக இருந்தால் கண் போனது போனதுதான். ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டு அடுத்த செட்டை வரை பொறுங்கள், பெரும்பாலும் சேர்ந்து கழன்றுவிடும். அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம் போங்கள்.

அப்புறம் அந்த வாளி. இதைப் பற்றி எத்தனை தரம் எழுதிவிட்டேன்! தானாகத் தண்ணீரில் இறங்கும் பாம்பு வேண்டியபோது ஏறி வரும். நீங்கள் போட்டு மூடிய பாம்பு மூடியை முட்டி முட்டிக் களைக்கும். அதற்குச் சொந்தச் சூடு இல்லை, தண்ணீர் ஆற ஆற உடம்பும் குளிர்ந்து போகும். அந்தக் குளிரோடு சளி பிடித்தால் நுரையீரல் வரை போய்விடும். வாளி ஆழமாக இருந்தால் களைத்த பாம்பு மூழ்கிச் சாகவும் கூடும். சரி, இவ்வளவு வதைக்கும் என்ன பலன்? அரை மணித்தியாலம் ஊறிவிட்டு, மிச்ச நாள் முழுக்க அதே வரண்ட கூட்டில்தானே கிடக்கப் போகிறது? கூட்டில் ஈரம் சரியாக இருந்தால் செட்டை மூக்கு நுனியில் பிளந்து, உள்புறம் வெளியே புரண்டு, வால் வரை ஒரே துண்டாக வரும். உங்கள் கை தேவையே இல்லை. துண்டு துண்டாக வருகிறதென்றால் கூட்டை அளந்து பாருங்கள். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பாம்பின் பெயர் முதல் அதன் குணம் வரை உண்டு, ஈரப்பதம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. எல்லாம் ஈரம்தான் என்று கூட்டைச் சேறாக்கியும் விடாதீர்கள். விரிப்பு எந்நேரமும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் போட்டு அழுகும்.

கை வைத்தே ஆக வேண்டிய ஒரே இடம் வால் நுனி. அங்கே வளையமாக மிஞ்சும் தோல் காய்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியையே சாகடிக்கும். இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாயைத் தளர்வாகச் சுற்றி, அதற்குள் பாம்பை ஊர்ந்து போக விடுங்கள். உராய்வில் தானே கழன்று வரும். நகத்தால் சுரண்டக் கூடாது.

தம்பலகாமத்திலிருந்து: அரிவு வெட்டின்போது பிடித்த மலைப்பாம்புக் குட்டி, ஒன்றரை அடி இருக்கும். மீன் தொட்டியில் வைத்திருக்கிறேன். தண்ணீரில் இறங்குவதே இல்லை, கிட்டப் போனால் பலமாகச் சீறுகிறது. செட்டை கழற்ற என்ன செய்யலாம்?

படம் அனுப்பவில்லை. பார்க்காமலே சொல்கிறேன், தொட்டிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். வயலில் பிடித்த, தடித்த, பலமாகச் சீறும் ஒன்றரை அடிப் பாம்பு கண்ணாடிப் புடையனாக (கண்ணாடி விரியன், கொடிய விஷப் பாம்பு) இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வெங்கணாந்திக் குட்டி என்று நினைத்து அதைத் தூக்கிக் கடிபடுபவர்கள் இருக்கிறார்கள். புள்ளியைப் பார்த்துத் தீர்மானிக்கவும் முயல வேண்டாம். கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்மையிலேயே வெங்கணாந்தி என்றாலும் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், வீட்டில் அடைத்து வைப்பது குற்றம். இன்றே வனசீவராசிகள் திணைக்களத்தை அழையுங்கள். செட்டையைப் பாம்பு பார்த்துக்கொள்ளும்.

நிலாவெளியிலிருந்து: செட்டை கழற்றும் பாம்புக்குப் பால் வைக்கலாமா?

வேண்டாம். சுத்தமான தண்ணீர்.

மூதூரிலிருந்து: கோழிக்கூட்டுக்குப் பின்னால் 9 அடிச் செட்டை கிடந்தது. பாம்பும் 9 அடியா?

கழற்றும்போது தோல் இழுபட்டு நீளும். பாம்பு 8 அடி அளவு இருக்கும். கோழியைப் பிடிக்க அது போதாதா? கூட்டுக்குச் சிறு கண் கம்பிவலை அடியுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து.