மதுரைப் பக்கம் வேறு தாது சிக்கிய மைக்காக் கற்கள் கிடைக்குமா? எப்படிச் சேகரிப்பது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: கண்ணாடி மாதிரி இருக்கும் மைக்காத் (நம் ஊரில் காக்காப்பொன்) தகட்டுக்குள் கார்னெட் என்ற சிவப்புக் கனிமமும் கறுப்பு இரும்புத் தாதுவும் மாட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறார். மதுரையைச் சுற்றி அப்படிக் கிடைக்குமா, எங்கே தேடுவது, எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

கிடைக்கும். ஆனால் படத்தில் பார்த்த வெள்ளை மைக்காவை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பாறைகளில் தேடினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். இங்கே அதிகம் இருப்பது கறுப்பு மைக்கா, அதாவது பயோடைட். அதைத் தாழ்வாக நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. சேகரிக்கத் தொடங்குகிறவர் கறுப்பு மைக்காவில் தொடங்குவதுதான் நல்லது என்பேன்.

வெள்ளை மைக்கா இங்கே ஏன் குறைவு? மதுரையின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் கடுமையாக வெந்தவை. வெள்ளை மைக்காவான மஸ்கோவைட், குவார்ட்ஸோடு (வெங்கச்சாங்கல்) சேர்ந்து இருக்கும்போது ஏறத்தாழ 650, 700 டிகிரியைத் தாண்டினால் தாங்காது, சிதைந்து வேறு கனிமங்களாக மாறிவிடும். நம் பாறைகள் அந்தச் சூட்டைத் தாண்டி வந்தவை. பயோடைட் அதைவிட அதிகச் சூடு தாங்கும், அதனால் தங்கிவிட்டது. மஸ்கோவைட் வேண்டுமென்றால், பாறை வெந்து ஓய்ந்த பிறகு விரிசல்களில் புகுந்து உறைந்த பெக்மடைட்டில்தான் பார்க்க வேண்டும். பெரிய பெரிய வெங்கச்சாங்கல்லும் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய கனிமமும் கலந்து, பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் வெள்ளைப் பட்டை அது. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் போனால் நல்ல பெக்மடைட் உண்டு. மேலூர், நத்தம், வாடிப்பட்டி வட்டாரத்தில் சின்னச் சின்னப் பட்டைகளாகக் கண்ணில் படும்.

தேடுவதற்கு நான் சொல்லும் முதல் இடம் கிணற்று மேடு. கிணறு வெட்டும்போது ஆழத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கற்கள் வருஷக்கணக்காக வரப்போரம் கிடக்கும். வெயிலும் மழையும் பட்டு மேல்தோல் உதிர்ந்து, மைக்கா இருக்கும் இடம் பளபளவென்று தானாகவே காட்டிக்கொடுக்கும். புதிதாக எதையும் உடைக்க வேண்டியதில்லை. தோட்டக்காரரிடம் "அய்யா, இந்த மேட்டுல ரெண்டு கல்லு எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் "காக்காப்பொன்னா, அள்ளிட்டுப் போங்க" என்றுதான் பதில் வரும். கேட்காமல் மட்டும் கை வைக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் தகடுகள் தூரத்திலிருந்தே மின்னும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எந்தப் பாறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் புக்கோஷ் இணையதளத்தில் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சமணர் மலை, கீழவளவு பஞ்சபாண்டவர் மலை மாதிரி கற்படுக்கைகளும் கல்வெட்டுகளும் உள்ள குன்றுகளில் ஒரு சில்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் சுற்றுவட்டார ஊர்கள் திரண்டு நின்று 2025 ஜனவரியில் அந்த ஏலத்தையே ரத்து செய்ய வைத்தன. அப்படிக் காப்பாற்றிய மலையில் சுத்தியலோடு ஏறுவது நியாயமே இல்லை. அழகர் மலை வனத்துறைக் காடு, அங்கேயும் கூடாது. கைவிட்ட கிரானைட் குவாரிக் குழிகளில் தண்ணீர் ஆள் தெரியாத ஆழத்துக்கு நிற்கும், விளிம்புப் பாறை பிடிப்பில்லாமல் இருக்கும். கல்லுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

சரி, கறுப்பு மைக்காவுக்குள் என்ன இருக்கும்?

ஒரு பயோடைட் கட்டியை எடுத்து ஓரத்தில் ஊசி நுனியை நுழைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகி, கடைசியில் தேன் நிறத்தில் வெளிச்சத்தை விடும் அளவுக்கு மெலிந்த ஏடு ஒன்று கையில் நிற்கும். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் நூறு மடங்கில் பாருங்கள். பழுப்புப் பரப்பில் அங்கங்கே கருவட்டங்கள் தெரியும். வட்டத்தின் நடுவில் புள்ளியளவு ஒரு துகள் உட்கார்ந்திருக்கும். அது பெரும்பாலும் சிர்கான் என்ற கனிமம், சில சமயம் மோனசைட் என்ற கனிமம். அந்தத் துகளில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்பா துகள்கள் என்ற கதிரியக்கத் துகள்கள் மைக்காவுக்குள் 0.03, 0.04 மில்லிமீட்டர் தூரம் போய் நின்றுவிடும். போய் நின்ற இடமெல்லாம் மைக்காவின் கட்டமைப்பு குலைந்து கறுத்துப்போகும். எல்லாத் திசையிலும் ஒரே தூரம் போவதால் வட்டம் அவ்வளவு ஒழுங்காக வருகிறது. இந்த வட்டங்கள் ஏன் வருகின்றன என்று ரொம்ப நாள் யாருக்கும் புரியவில்லை. 1907-இல் டப்ளினில் இருந்த ஜான் ஜோலி என்ற புவியியல் பேராசிரியர்தான் இது கதிரியக்கத்தின் தடம் என்று விளக்கினார். இதில் பயப்பட ஒன்றுமில்லை, அளவு அவ்வளவு சொற்பம். எல்லா ஏட்டிலும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பொறுமையாக ஏடு மாற்றிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வொரு அணுவாகச் சிதைந்து வரைந்த வட்டத்தை, வாடிப்பட்டிக் கிணற்று மேட்டில் பொறுக்கிய கல்லில் பார்க்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் கார்னெட். மேலூர்ப் பக்கத்து வெளிர் நிறக் கற்களில் சிவப்புப் பொட்டுகளாக இருப்பது கார்னெட்தான். அதைச் சுற்றிக் கறுப்பு மைக்கா வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும் துண்டு கிடைத்தால், பிரிக்காமல் கல்லோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். பிரித்தால் கார்னெட் ஒரு பக்கம், மைக்கா ஒரு பக்கம் என்று போய், இரண்டுக்கும் இருந்த உறவு தெரியாமலே போய்விடும்.

இனி வெள்ளை மைக்கா. இதற்கு ஊரைவிட்டு வெளியே போவதற்கு முன்னால் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு நடை போங்கள். பழைய இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் செய்கிறவர்களிடம் கேளுங்கள். (ப்ளைவுட் கடையில் மைக்கா என்று கேட்டால் சன்மைக்காதான் காட்டுவார்கள்.) இஸ்திரிப்பெட்டியின் சூட்டுக் கம்பியை மைக்காத் தகட்டில் சுற்றித்தான் வைப்பார்கள். பழைய தகடுகள் இயற்கை மைக்கா. இப்போது வருபவற்றில் நிறைய, மைக்காத் தூளை அழுத்திச் செய்தவை. அவை வெள்ளி மாதிரி ஒரே சீராக மங்கலாக இருக்கும், ஏடாகப் பிரியாது. நமக்கு அவை வேண்டாம். நான் போகும் கடைக்காரர் முதலில் "சுத்தமானதா வேணுமா தம்பி?" என்று கேட்டு, மாசு மறுவில்லாத தகட்டை எடுத்து நீட்டினார். "கறுப்புப் புள்ளி உள்ளதுதாண்ணே வேணும்" என்றதும், கழித்துப் போட்ட டப்பாவையே என் பக்கம் தள்ளிவிட்டார். மின்சார வேலைக்கு இரும்புப் புள்ளி ஆகாது, மின்சாரத்தைத் தடுக்கும் திறன் குறைந்துவிடும். அதனால் வியாபாரத்தில் புள்ளி மைக்காவுக்கு மதிப்புக் குறைவு. அவர்கள் கழிப்பதுதான் நமக்குச் சரக்கு.

அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மேக்னடைட், ஹெமடைட் என்ற இரும்புத் தாதுக்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ரத்தச் சிவப்பாகத் தெரிந்தால் ஹெமடைட். கறுப்பாகவோ புகை நிறமாகவோ இருந்தால் மேக்னடைட்டாக இருக்கலாம். புள்ளி அடர்த்தியாக உள்ள தகட்டை நூலில் தொங்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போங்கள். இழுத்தால் மேக்னடைட். இந்தச் சோதனை வெள்ளை மைக்காவுக்கு மட்டும்தான். கறுப்பு மைக்காவில் இரும்பு இருப்பதால் அதுவே கொஞ்சம் இழுபடும்.

கார்னெட் உள்ள மஸ்கோவைட்டுக்கு ஆந்திரத்தின் கூடூர் வட்டாரம் பேர்போனது. அங்கத்திய மைக்கா லேசான பச்சை. ஜார்க்கண்டின் கோடர்மா மைக்கா சிவப்புச் சாயல். என்னிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடூர்த் தகடு இருக்கிறது. அதற்குள் ஒரு கார்னெட், கண்ணாடிக்கு நடுவே வைத்த குங்குமப் பொட்டு மாதிரி தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. ஓரம் வட்டமாக இல்லை, நேர்கோடுகளால் ஆன பலகோணம். பக்கவாட்டில் திருப்பினால் தடிமனே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "நசுங்கிப்போச்சா?" என்று கேட்பார்கள். நசுங்கவில்லை. கார்னெட்டின் கடினத்தன்மை 6.5-இலிருந்து 7.5 வரை, மைக்காவினுடையது இரண்டு, இரண்டரை. மைக்கா அதை நசுக்க வழியே இல்லை. இரண்டும் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன. ஏடுகளுக்கு இடையில் பக்கவாட்டில் வளர இடம் கிடைத்தது, மேலே வளர இடம் கிடைக்கவில்லை. அதே தகட்டில், பொட்டுக்கு அருகே மைக்கா ஏடுகள் லேசாக மேடுதட்டியிருப்பதை விரல் நுனியால் தடவியே உணரலாம்.

ஒன்றாக வளர்ந்ததா, பிற்பாடு புகுந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர் என்று நினைக்கிறேன். பெயர் தெரிவதைவிட இது முக்கியம். கூட வளர்ந்த மேக்னடைட் தகடுகள் மைக்காவின் அறுகோண ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, நேர்கோடுகளாக 60, 120 டிகிரியில் வெட்டிக்கொள்ளும். பிற்பாடு மழைநீரோடு வந்த இரும்புக் கறையும் மாங்கனீஸ் கறையும் ஓரத்திலிருந்தோ விரிசலிலிருந்தோ தொடங்கி, வளைந்து நெளிந்து பரவும். அப்புறம் வானவில் நிற வளையங்கள். அவை தாதுவே அல்ல, ஏடுகளுக்கு நடுவே புகுந்த காற்று. விரலால் அழுத்தினால் நகரும், அப்போதே தெரிந்துவிடும்.

ஃப்ளோகோபைட் என்ற தேன் நிற மைக்கா எங்காவது கிடைத்தால் இரவில் தெருவிளக்கை அதன் வழியாகப் பாருங்கள். சில தகடுகளில் விளக்கைச் சுற்றி ஆறு கதிர் நட்சத்திரம் விரியும். உள்ளே 60 டிகிரியில் அடுக்கிக் கிடக்கும் ரூட்டைல் என்ற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் செய்யும் வேலை அது.

வைத்துக்கொள்ளும் விதம். தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள். ஏடுகளுக்குள் ஈரம் ஏறிப் பால் மாதிரி வெளுத்துவிடும். மென்மையான பிரஷ் போதும். செலோடேப் ஒட்டினால் பிரிக்கும்போது மேல் ஏடு கூடவே வந்துவிடும். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்து, ஓரத்தில் மட்டும் காகிதப் பட்டை ஒட்டினால் எடுத்துப் பார்க்கவும் வசதி, படம் எடுக்கவும் வசதி. படத்துக்கு, கீழே பட்டர் பேப்பர் விரித்து அதற்கு அடியில் செல்போன் டார்ச். அழகாக இருக்கிறதென்று மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போகாதீர்கள். சிக்கிய தாதுவுக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் மைக்கா இருக்க வேண்டும், ஒரு பக்கம் திறந்துவிட்டால் அது உதிர்ந்து குழி மட்டும்தான் மிஞ்சும். அறுப்பது, தேய்ப்பது வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஊர், கிணறு இருந்த திசை, கூட இருந்த பாறை, தேதி எல்லாவற்றையும் எடுத்த அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் எந்தச் சுரங்கம், யார் எடுத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஜார்க்கண்ட், பீகார் பக்கம் கைவிட்ட மைக்காச் சுரங்கங்களில் குழந்தைகள் சில்லு பொறுக்குவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. பதில் சரியாக வராத கல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. கூடூர்க் கல்லென்றால் இடத்தின் பெயரோடு விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள்.