ரீல்ஸ் பாத்தே நேரம் போயிடுதா? உங்க கேள்விகளுக்கு பதில்

சோஷியல் மீடியால போற நேரத்த எப்படி குறைக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேர்த்துட்டேன்.

ராத்திரி ஆந்தை: அக்கா, அஞ்சு நிமிஷம்னு இன்ஸ்டா தொறந்தா ஒன்றரை மணி நேரம் போயிடுது. எனக்கு மட்டும் தான் கன்ட்ரோல் இல்லையா?

அட, எல்லாருக்கும் இதே கத தான். முன்னாடியெல்லாம் ஒரு பக்கம் முடிஞ்சா 'அடுத்த பக்கம்'னு அமுக்கணும், அந்த ஒரு செகண்ட் கேப்ல தான் "சரி போதும்டா"ன்னு தோணும். 2006 வாக்குல ஏசா ராஸ்கின்னு ஒரு டிசைனர் அந்த பட்டனையே தூக்கிட்டு கீழ போகப்போக தானா லோட் ஆகுற மாதிரி பண்ணாரு, பின்னாடி அவரே அதுக்கு வருத்தப்பட்டு பேசினாரு. இதோட, அடுத்து என்ன வரும்னு தெரியாதது வேற. எட்டு வீடியோ மொக்கையா போகும், திடீர்னு ஒண்ணு செமயா இருக்கும், அதுக்காக தள்ளிக்கிட்டே இருப்போம். ஸ்கின்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் புறாவ வச்சு காட்டினது இதே தான், எத்தன தடவ கொத்தினா இரை விழும்னு தெரியாதப்ப தான் அது விடாம கொத்தும்.

அதனால நிறுத்துற இடத்த நாம தான் உண்டாக்கணும். 2022ல இன்ஸ்டா 'ஃபாலோயிங்' ஃபீட திரும்ப கொண்டு வந்துச்சு, நீங்க ஃபாலோ பண்றவங்க போட்டது மட்டும் வரிசையா வரும், கொஞ்ச நேரத்துல பழைய போஸ்ட் வந்துடும், போர் அடிச்சு நீங்களே மூடிடுவீங்க.

கணக்குப்புள்ள: டைம் லிமிட் போட்டாலும் தாண்டிடுறேனே?

ஐபோன்ல லிமிட் முடிஞ்சதும் ஒரு மணல் கடிகாரம் வரும், அதுக்கு கீழயே 'இக்னோர் லிமிட்'னு இருக்கும். பூட்டு போட்டு சாவிய அதுலயே தொங்கவிட்ட மாதிரி. வீட்டுல யாரையாவது அந்த லிமிட்டுக்கு (ஸ்க்ரீன் டைம்ல) தனி பாஸ்கோட் போட சொல்லுங்க, உங்களுக்கு சொல்லக்கூடாது. ஆண்ட்ராய்டுல டைமர் முடிஞ்சா ஐகான் மங்கிடும், திரும்ப தொறக்கணும்னா டைமர போய் மாத்தணும், அந்த அலுப்பே பல பேருக்கு போதும்.

ஆனா என்ன கேட்டா மொத்த நிமிஷத்த விட எத்தன தடவ போன அன்லாக் பண்றீங்கன்னு பாருங்க. லிமிட் போடுற அதே செட்டிங்ஸ்ல அதுவும் இருக்கு. ஐபோன்னா எடுத்ததும் எந்த ஆப்புக்கு போறீங்கன்னு கூட காட்டும். கை தானா எந்த ஆப்புக்கு போகுதோ அத முதல் ஸ்க்ரீன்ல இருந்து தூக்கிட்டு நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சுது.

பேஜ் அட்மின்: எனக்கு வேலையே இதுல தானே அக்கா?

வேலை அக்கவுண்ட கம்ப்யூட்டர்ல மட்டும் வச்சுக்கோங்க, போன்ல லாகின் வேணாம்.

ஷார்ட்ஸ் அடிமை: யூடியூப்புக்கு என்ன வழி?

வாட்ச் ஹிஸ்டரிய ஆஃப் பண்ணி பழசையும் அழிச்சிடுங்க. 2023ல இருந்து அப்படி பண்ணா ஹோம் பேஜே காலியா தான் இருக்கும், என்ன வேணுமோ அத தேடி தான் பாக்கணும். நான் சொல்றதுலயே ரொம்ப பலன் குடுக்குறது இது தான்.

ஒரு அம்மா: பையனுக்கு 14 வயசு, போன புடுங்கினா சண்டை.

புடுங்காதீங்க, ஒளிச்சு வச்சு பாப்பான். 2024ல இன்ஸ்டா டீன் அக்கவுண்ட்னு கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு 60 நிமிஷம் ஆனா வெளிய போன்னு ஞாபகப்படுத்தும், ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வராது, 16 வயசுக்கு கீழ இருந்தா இத தளர்த்த உங்க அனுமதி வேணும். ஆனா வயசு சரியா குடுத்திருக்கானான்னு மொதல்ல பாருங்க! ராத்திரி எல்லார் போனும் ஹால்ல சார்ஜ் ஆகணும்னு வைங்க, உங்களோடதும் சேர்த்து தாம்மா.

குட் மார்னிங் பயம்: வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்க க்ரூப்ப ம்யூட் பண்ணா கோவிச்சுக்குவாங்களே?

ம்யூட் பண்ணது அவங்களுக்கு தெரியவே தெரியாது. ஆர்க்கைவும் பண்ணிடுங்க, புது மெசேஜ் வந்தாலும் மேல வந்து நிக்காது. வாரத்துக்கு ஒரு தடவ போய் பொறந்தநாள் இருந்தா வாழ்த்திட்டு வந்துடுங்க.