ஸ்டென்ட் வைத்த பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதய இரத்தக் குழாயை விரிக்கும் சிகிச்சை) செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ பரிசோதனை நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார், யாரிடமும் பேசுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தெருமுனை வரை நடக்கவும் பயப்படுகிறார். ‘பெரிய கண்டத்தைத் தாண்டியவர், அப்படித்தான் இருப்பார்’ என்கிறார்கள் உறவினர்கள். இப்படியே விட்டுவிடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: விடக் கூடாது. மாரடைப்புக்குப் பிந்திய முதல் சில வாரங்களில் அச்சமும் அழுகையும் தூக்கக் குறைவும் இருப்பது இயல்பு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். ஆனால் சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 222 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் ஆபத்து மற்றவர்களுக்கு இருந்ததைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மனச்சோர்வில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, உடலில் அழற்சி கூடுகிறது. இவை வெளியே தெரியாதவை. மனச்சோர்வால் மாத்திரையை விடுவதும், நடையை நிறுத்துவதும், விட்ட பீடியை மீண்டும் எடுப்பதும் வீட்டிலுள்ளவர்கள் கண்ணெதிரே நடப்பவை.

மனத்தைச் சரிசெய்துவிட்டால் இதயம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று வாக்களிக்க எனக்குத் துணிவில்லை. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், உளவியல் சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது. இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. ஆயினும் ஒருவர் விடியுமுன் விழித்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் துன்பத்தை நீக்குவதற்கு, அத்துன்பமே போதுமான காரணம். இதய நோயாளிகளுக்குச் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம். பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் சில அவர்களுக்கு ஏற்றவை அல்ல. எனவே பிற மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடக்கப் பயப்படுவதற்கு நல்ல மருந்து, கண்காணிப்பில் நடப்பதுதான். இதய மறுவாழ்வுப் பயிற்சி தரும் மருத்துவமனையில் சில வாரம் நடந்து பார்த்தால், மூச்சு சற்று வாங்குவதெல்லாம் மாரடைப்பு அன்று என்பதை அவர் உடலே கற்றுக்கொள்ளும். அது அருகில் கிடைக்காவிட்டால், மாரடைப்பு நோயாளிகளுக்கென அமைத்த யோகப் பயிற்சியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவில் 24 மையங்களில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அப்பயிற்சி பெற்றவர்கள் முன்பு செய்த வேலைகளுக்குத் திரும்புவதில் முன்னேற்றம் கண்டார்கள். மறு மாரடைப்பு, இறப்பு ஆகியவற்றில் மட்டும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மருத்துவர் இசைந்தால், தந்தையை முதலில் ஒரு மணி நேரமாவது கடையில் உட்காரச் சொல்லுங்கள். ‘எழுந்திருக்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்பாகச் சொல்வது அவர் அச்சத்தை வளர்க்கவே செய்யும்.

கேள்வி: என் தாய்க்கு வயது 64, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். பயந்துவிடுவார் என்று மாரடைப்பை மறைத்து, ‘வாயு அடைப்பு’ என்று சொல்லிவைத்திருக்கிறோம். இப்போது, ‘வலிதான் இல்லையே, இத்தனை மாத்திரை வயிற்றுக்கு ஆகாது’ என்று எங்களுக்குத் தெரியாமல் சிலவற்றை நிறுத்திவிட்டார். என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில், இன்றே இதய மருத்துவரிடம் பேசுங்கள், விட்ட மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம். வாயு என்று நம்புகிறவர், வாயு போனதும் மாத்திரையை நிறுத்தினால் அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. ஸ்டென்ட் என்பது உலோக வலைக்குழாய். அதன் மேல் இரத்தக் குழாயின் உட்சவ்வு படரும்வரை, அங்கே இரத்தம் உறைந்து குழாய் திடீரென அடைபடலாம்; அதைத் தடுக்கவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலோ டிக்காகிரிலோரோ சேர்த்துத் தரப்படுகின்றன. மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டு இவ்விரண்டும் தேவை. அமெரிக்காவில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 500 பேரைக் கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஏழில் ஒருவர் முதல் மாதத்திலேயே ஆஸ்பிரினுடன் தரும் இரண்டாவது மாத்திரையை நிறுத்தியிருந்தார். அடுத்த பதினொரு மாதங்களில் நிறுத்தியவர்களில் 7.5 விழுக்காட்டினரும், தொடர்ந்தவர்களில் 0.7 விழுக்காட்டினரும் இறந்தார்கள். நிறுத்தியவர்களில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

இதைப் படிப்பில்லாதவர்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயம் அன்று. வீட்டுக்கு அனுப்பும் நாளில், பில் கட்டும் அவசரத்தில், ஆங்கிலச் சீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லும் விளக்கம் பட்டதாரிக்கே பாதிதான் மனத்தில் நிற்கும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 806 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டு காலம் பொறுமையாக விளக்கி வந்ததால், மருந்தைத் தவறாமல் உண்பதும் புகையிலையை விடுவதும் உணவுப் பழக்கமும் மேம்பட்டன. அந்த வேலையை இனி நீங்கள் செய்யுங்கள். மருத்துவர் முன்னிலையில் உண்மையைச் சொல்லி, எந்த மாத்திரை எதற்கு என்று விளக்கியபின், அதைத் தாயாரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில் மீண்டும் விளக்க வேண்டும். அதற்காகக் கடிந்துகொள்ளக் கூடாது. மருந்துக் கடையில் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தால், பழைய அட்டையுடன் ஒப்பிட்டு, உள்ளிருக்கும் மருந்து ஒன்றுதான் என்பதை மருந்தாளுநரிடம் உறுதிசெய்துகொண்டு, நிறம் மாறியிருப்பதைத் தாயாரிடம் காட்டிவிடுங்கள். வயிற்றெரிச்சல் உண்மையாகவே இருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு.

கேள்வி: கோபக்காரர்களுக்குத்தான் மாரடைப்பு வருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. எப்போதும் அவசரம், போட்டி மனப்பான்மை, சிடுசிடுப்பு ஆகியவை கொண்டவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அமெரிக்க மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் 1959-இல் எழுதினார்கள்; பிந்திய ஆய்வுகளில் அக்கருத்து அப்படியே நிலைக்கவில்லை. அதில் பகைமை உணர்ச்சிக்கு மட்டும் ஓரளவு தொடர்பு காணப்படுகிறது. கடுங்கோபம் வந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது என்பது உண்மைதான். சாந்தமானவர் என்பதற்காகச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டாம். கோபக்காரரோ சாந்தமானவரோ, நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தால் சோடா குடித்துக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.