இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஒரே நாள்தான் இருக்கிறது. வழிகாட்டியோடு நடைச்சுற்றுலா போனால் போதுமா?

போதும், திங்கட்கிழமையாக இல்லாவிட்டால். அன்று உஃபிஸி, அக்காதெமியா இரண்டு கலைக்கூடங்களும் மூடியிருக்கும்.

பழைய நகரம் சிறியது. பேராலயத்திலிருந்து சிஞ்ஞோரியா சதுக்கம் வழியாக 1345-இல் கட்டிய வெக்கியோ பாலம் வரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே தூரத்தைப் பார்த்துச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தெந்த இடத்துக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: வழிகாட்டி வாசலில் நின்று விளக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். சதுக்கத்தில் நிற்கும், மைக்கலாஞ்சலோவின் புகழ்பெற்ற தாவீது சிலையும் நகல்தான். அசலை 1873-இல் அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, வரிசை மட்டும் நீளும். குவிமாடம் ஏறத் தனிச் சீட்டு, நேரம் குறித்தே தருவார்கள். சுற்றுலா முடியும் நேரத்துக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. மூட்டுவலியோ மூடிய இடத்தில் பயமோ இருந்தால் வேண்டாம். முடிந்தவர்கள் கட்டாயம் ஏறுங்கள். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து மரச்சாரம் கொடுத்துத் தாங்காமலே, உள்ளொன்று வெளியொன்றாக இரண்டு கூடுகளாக இந்தக் குவிமாடத்தை எழுப்பினார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் ஏறுவீர்கள். சுவரில் செங்கல்லைச் சாய்த்தும் நிமிர்த்தியும் அடுக்கியிருப்பதைக் கவனியுங்கள். ஈரச் சுண்ணச் சாந்து இறுகும்வரை வரிசை சரியாமல் பிடித்துக்கொண்டது அந்த அடுக்குதான். கீழே நின்று கேட்டால் இது புரியாது.

பேராலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பாவுகல் தெருவுக்கு மெத்தென்ற அடி வைத்த காலணி நல்லது. ‘இலவச’ சுற்றுலாவில் முடிவில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள்; அவர்களுடைய கூலியே அதுதான், மறக்காமல் கொடுங்கள்.