காரணி 8 ஓரிடம், காரணி 9 வேறிடம்: காப்புரிமை வகைப்பாடு கேள்வி-பதில்

ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான காரணி 8-க்கான காப்புரிமைகள் சி07கே 14/755 (C07K 14/755) என்ற வகைப்பாட்டு எண்ணில் கிடைத்தன. காரணி 9 அங்கே இல்லையே?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. வகைப்பாடு காரணியின் வரிசை எண்ணைப் பார்ப்பதில்லை, அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்க்கிறது. 5-ம் 8-ம் நொதிகளுக்கு உதவும் துணைக் காரணிகள். தாமாக எந்தப் புரதத்தையும் வெட்டுவதில்லை. அதனால் பெப்டைடுகளுக்கான சி07கே-யில், உறைவுக் காரணிகள் என்ற 14/745-ன் கீழ் வருகின்றன. அதற்குள் ஃபைப்ரினோஜெனுக்கு (உறைவின் இழையான ஃபைப்ரினாக மாறும் புரதம்) 14/75, காரணி 8-க்கு 14/755 எனத் தனி இடம் உண்டு.

7, 9, 10 ஆகியவை மற்றப் புரதங்களை வெட்டும் நொதிகள். அவற்றை நொதிகளுக்கான சி12என் 9-ன் (C12N 9) கீழ் வரும் 9/64-ல் தேடுங்கள். 'ரத்தத்தில் ஓடும்போது 9 செயலற்றுத்தானே இருக்கிறது?' என்று கேட்கலாம். சரிதான், ஆனால் சி12என் 9-ன் தலைப்பிலேயே முன்நொதிகளும் (இன்னும் செயலூட்டப்படாத நொதிகள்) சேர்த்தி.

வேடிக்கையான ஆள் 13. அதுவும் நொதிதான், ஆனால் வெட்டாது. ஃபைப்ரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். ஆகவே அதைத் தேட, டிரான்ஸ்ஃபரேஸ்கள் (ஒரு மூலக்கூறின் பகுதியை இன்னொன்றுக்கு மாற்றும் நொதிகள்) இருக்கும் சி12என் 9/10-க்குப் போக வேண்டும்.

வான் வில்பிராண்ட் காரணிக்குத் தனி எண் உண்டா?

இல்லை, அதுவும் 14/755-லேயே இருக்கிறது. ரத்தத்தில் காரணி 8-ஐத் தாங்கிச் செல்வது இந்தப் புரதம். முன்பு இதைக் காரணி 8 சார்ந்த ஆன்டிஜென் என்றே அழைத்தார்கள். பெயர் பிரிந்தும் விலாசம் பிரியவில்லை! எண்ணோடு பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் இரண்டும் கலந்துதான் வரும்.

காரணி 8 குறைவால் வரும் ரத்தப்போக்கு நோயான ஹீமோஃபிலியா ஏ-க்கான மருந்துகளைத் தேட 14/755 போதுமா?

போதாது. அந்த எண் புரதத்துக்கானது. அதை மருந்தாகப் பயன்படுத்துவது ஏ61கே 38/37. புரதத்தை வெட்டும் நொதி வகைக் காரணிகள் என்றால் 38/48. ரத்தப்போக்கை நிறுத்தும் பயன் ஏ61பி (A61P) 7/04-ல் குறிக்கப்படும், ஆனால் ஏ61பி தனியாக நிற்காது, வேறொரு குறியீட்டோடு துணையாகத்தான் வரும்.

அப்புறம் ஹீமோஃபிலியா ஏ-க்கான எமிசிஜுமாப் போன்ற மருந்துகள். காரணி 8 செய்யும் வேலையைச் செய்தாலும் எமிசிஜுமாப் ஓர் ஆன்டிபாடி. செயலூட்டிய காரணி 9-ஐயும், காரணி 10-ஐயும் ஒரே நேரத்தில் பிடித்து அருகருகே கொண்டுவருகிறது. அதனால் சி07கே 16/36-ல் தேட வேண்டும். இதை விட்டுவிட்டு எழுதும் தேடல் அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

உறைவு நேரத்தை அளக்கும் சோதனை?

ஜி01என் 33/86, கூடவே சி12க்யூ 1/56.

ஐபிசி (சர்வதேசக் காப்புரிமை வகைப்பாடு), சிபிசி (கூட்டுறவுக் காப்புரிமை வகைப்பாடு): எதில் தேடுவது?

நுணுக்கம் வேண்டுமென்றால் சிபிசி. ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் சேர்ந்து 2013-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அது. ஐபிசி-யில் சி12என் 9/64 என்று மொத்தமாகக் கிடப்பதை, சிபிசி 7ஏ-க்கு (செயலூட்டிய காரணி 7) 9/6437, 9ஏ-க்கு (செயலூட்டிய காரணி 9) 9/644 என்று பிரித்துவிடுகிறது. ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக மாற்றும் நொதியான த்ராம்பினில் மட்டும் கவனம்: ஐபிசி-யில் 9/74, சிபிசி-யில் 9/6429. சிபிசி எண் ஏறாத ஆவணங்களும் இருக்கும் என்பதால், ஐபிசி எண்ணையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.