கொழிஞ்சாம்பாறையில் ‘நிலம்’ என்று பதிவான தென்னந்தோப்பை வாங்கி வீடு கட்டலாமா?

கேள்வி: பொள்ளாச்சிக்காரர்கள் நாங்கள். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 30 சென்ட் தோப்பு பார்த்திருக்கிறோம். தென்னை காய்ப்பில் இருக்கிறது, ஆனால் ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) ‘நிலம்’ என்று போட்டிருக்கிறது. அது வெறும் வார்த்தை என்கிறார் புரோக்கர். வீடு கட்டலாமா?

பதில்: வெறும் வார்த்தை இல்லை. நமக்கு எந்த மண்ணும் நிலம்தான். கேரள ரெவன்யூ கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல் வயல். தோப்பும் வீடும் இருக்கும் மேட்டு இடத்துக்குப் பெயர் ‘புரயிடம்’. எல்லை தாண்டி வந்து வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அதேபோல இங்கே ‘பட்டயம்’ என்பதை நம்மூர்ப் பட்டா என்று நினைத்துவிடாதீர்கள், அது அரசு தரும் உரிமைப் பத்திரம். பட்டாவைப் போல நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது வில்லேஜ் கணக்கில் உடைமஸ்தர் பெயருக்கு உள்ள தண்டப்பேர் எண்ணும், அந்த எண்ணில் கரம் (நில வரி) அடைத்த ரசீதும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு பதிவுகளைப் பாருங்கள். வில்லேஜ் ஆபீஸில் இருக்கும் பி.டி.ஆர். என்ற அடிப்படை வரிப் பதிவேடு ஒன்று. கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்தில் இருக்கும் டேட்டா பேங்க் இன்னொன்று. 2008-ம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பஞ்சாயத்துவாரியாகத் தயாரித்த வயல் பட்டியல்தான் டேட்டா பேங்க். ரீசர்வே நடந்த ஊராக இருந்தால் பழைய எண், புது எண் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘பட்டியலில் இல்லை’ என்று நம்பியவர்கள் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

டேட்டா பேங்கில் இருந்து, இடமும் உண்மையிலேயே வயலாக இருந்தால் வீட்டுக்காக வாங்காதீர்கள். கட்ட வேறு இடமே இல்லாத உடைமஸ்தருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் அதிகபட்சம் 10 சென்ட்டுக்கு வழி உண்டு. அதுவும் உள்ளூர் கண்காணிப்புக் குழு பரிந்துரைத்தால்தான். பொள்ளாச்சியில் சொந்த வீடு இருப்பவருக்கான வழி அது இல்லை.

டேட்டா பேங்கில் இருக்கிறது, ஆனால் தென்னை பல வருஷமாக நிற்கிறது என்றால் முதலில் படிவம் 5, அதாவது அந்தப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்கும் விண்ணப்பம். ரெவன்யூ துறை இணையதளத்தில் போடலாம், முடிவு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது அதிகாரம் பெற்ற டெபுடி கலெக்டர் கையில். இதில் ஒரே கேள்விதான்: 12.08.2008 அன்று அந்த இடம் எப்படி இருந்தது? இன்றைக்கு எடுத்த போட்டோவால் பிரயோஜனம் இல்லை. அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படத்தை வைத்து மாநிலத் தொலையுணர்வு மையம் தரும் அறிக்கையைக் கேட்டு வாங்கும்படி அதிகாரிகளிடம் சொல்லுங்கள். 2008-க்கு முந்தைய கரண்ட் பில்லோ வீட்டு வரி ரசீதோ இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். தரிசாகக் கிடந்தது என்ற வாதம் மட்டும் போதாது. நெல்லுக்கு ஏற்ற தரிசும் சட்டப்படி நெல்வயல்தான்.

பி.டி.ஆரில் ‘நிலம்’, டேட்டா பேங்கில் இல்லை என்றால் நேராகப் படிவம் 6, அதாவது ‘நிலம்’ என்ற வகையை மாற்றக் கேட்கும் தரம் மாற்ற விண்ணப்பம். 50 சென்ட்டுக்கு மேல் போனால் படிவம் 7, அதோடு பத்தில் ஒரு பங்கு இடத்தை நீர் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும். 25 சென்ட் வரை கட்டணம் கிடையாது. உங்களுடையது 30 சென்ட், எனவே அரசு நிர்ணயித்த நியாய விலையில் 10% கட்ட வேண்டிவரும். ‘25, 5 என்று பிரித்து எழுதிக்கலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 30.12.2017-ல் ஒரே துண்டாக இருந்ததை அதற்குப் பிறகு பிரித்தால் சலுகை கிடைக்காது.

இந்த வகை இடத்தில், அதாவது டேட்டா பேங்கில் இல்லாத ‘நிலத்தில்’, 10 சென்ட்டுக்குள் 120 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்குத் தரம் மாற்றமே வேண்டாம் என்ற விலக்கும் உண்டு. 120 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,290 சதுர அடி.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்துவிடாது. தாலூக்கா, வில்லேஜ் கணக்குகளில் மாற்றம் ஏறி, அடுத்த கரம் ரசீதில் இடத்தின் வகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் கட்டட அனுமதிக்கும் பேங்க் கடனுக்கும் போகும்போது அதே ‘நிலம்’ மறுபடி வந்து நிற்கும்.

உத்தரவுக்கு முன் ஒரு டிப்பர் மண்கூடக் கொட்டாதீர்கள். அனுமதியில்லாமல் மூடிய வயலைப் பழையபடி ஆக்கச் சொல்ல கலெக்டருக்கு அதிகாரம் இருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தண்ணீர். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் பிளாக் நிலத்தடி நீர் நெருக்கடி உள்ள பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டிய வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி.யை நம்பித்தான் இங்கே பயிர் நடக்கிறது. வயலில் தேங்கும் தண்ணீர்தான் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு இறங்குகிறது. உங்கள் இடத்தின் ஓரமாகப் பக்கத்து வயலுக்கு வாய்க்கால் போனால் அதை அடைக்காமல் மதில் போடுங்கள். நீரோட்டம் தடைபடும் என்று வில்லேஜ் ஆபீசர் அறிக்கை எழுதினால் படிவம் 6 அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, விண்ணப்பம் உடைமஸ்தர் பெயரில்தான் போக முடியும். ஆதாரம் பதிந்து, போக்குவரவு (வில்லேஜ் கணக்கில் பெயர் மாற்றம்) முடிந்து, உங்கள் பெயரில் கரம் அடைக்கும் வரை அது விற்கிறவர்தான். ஆகவே படிவம் 5, 6 இரண்டையும் அவரே முடித்துத் தர வேண்டும், உத்தரவு கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று அக்ரிமென்டில் எழுதுங்கள். அக்ரிமென்ட் மலையாளத்தில் இருந்தால், இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த, புரோக்கருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு வக்கீலிடம் வரிவரியாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.